வாத்தை ஏமாற்றும் படகு

கேள்வி: வாத்து வேட்டைக்கென்றே தனிப் படகு உண்டாமே? அந்த ஓட்டைப் படகுகளை இப்போது எதற்கு மெனக்கெட்டுச் சரிசெய்கிறார்கள்?

பதில்: உண்டு. அமெரிக்காவில், நியூ ஜெர்சியின் பார்னிகட் விரிகுடாவில் பிறந்த ‘ஸ்னீக்பாக்ஸ்’. 1836இல் ஹேசல்டன் சீமன் முதலில் கட்டியதாகச் சொல்வார்கள். சுமார் 12 அடி நீளம், தாழ்ந்த மேல்தளம். அதன்மேல் புல்லைப் பரப்பி உள்ளே மல்லாந்து படுத்துவிட்டால், வாத்தின் கண்ணுக்கு வெறும் புல்மேடு! நதானியல் பிஷப் என்பவர் 1875இல் இதில் கிளம்பி, ஒஹையோ, மிசிசிப்பி நதிகள் வழியாக மெக்சிகோ வளைகுடாவரை போயே விட்டார்.

சரிசெய்வதற்குத்தான் பொறுமை வேண்டும். கொட்டகையில் கிடந்து காய்ந்த சீடர் மரப் பலகை சுருங்கி, இடுக்கு வழியே வெளிச்சம் தெரியும். அவசரக்காரர் உடனே புட்டிப் பசையைத் திணித்து அடைப்பார். தண்ணீரில் இறக்கியதும் பலகை உப்பி, பசை பிதுங்கும். சமயத்தில் விலாச் சட்டமே விரிசல் விடும். விவரமானவர் முதலில் ஈரச் சாக்கைப் போட்டு ஊறவைப்பார். மேலே ஃபைபர்கிளாஸ் போர்த்துவது இன்னும் மோசம். உள்ளே மாட்டிய ஈரம் மரத்தை மக்கவைத்துவிடும்.

எதற்கு என்கிறீர்களா? தாத்தா வீட்டுத் தேக்குக் கதவை அடுப்பில் வைக்க உங்களுக்கு மனசு வருமா? வாத்துகளின் அபிப்பிராயம் வேறாக இருக்கலாம்.