பூக்கட்டும், அப்புறம் பார்க்கலாம்

பெங்களூரின் வசந்தத்தை எல்லோரும் அண்ணாந்துதான் பார்க்கிறார்கள். தபேபுயாவும் ஜகரந்தாவும் யாரோ திட்டம் போட்டு நட்ட மரங்கள். யாரும் விதைக்காமல் தானாக முளைக்கிற வசந்தம் காலடியில் இருக்கிறது.

ரிச்சர்ட்ஸ் டவுனில் நான் வளர்ந்த வீட்டில் காம்பவுண்டுச் சுவர் வரைக்கும் வெறும் செம்மண். ஏப்ரலில் ஒரு கோடைமழை பெய்தால் போதும், மண் பச்சை கட்டிவிடும். தோட்டக்காரர் களைக்கொத்தியை எடுக்கும்போதே பாட்டி வந்து நிற்பார். “இருப்பா, பூக்கட்டும். அப்புறம் பாத்துக்கலாம்.” தும்பை, மூக்குத்திப்பூ, புளியாரை, அம்மான் பச்சரிசி எல்லாம் அப்படித் தப்பித்தவை. குப்பைமேனியைப் பிடுங்கினால் மட்டும் எங்கிருந்தோ பூனை வந்து அந்த வேரில் புரளும்.

கீழாநெல்லியை அவர் எனக்குக் காட்டிய விதம் மறக்காது. குந்தி உட்கார்ந்து, கிளையைத் திருப்பினார். அடியில் வரிசையாகக் கடுகளவு காய்கள். வழவழப்பான காய் சின்னக் காம்பில் தொங்கினால் நல்ல கீழாநெல்லி. சொரசொரப்பாகக் கிளையோடு ஒட்டியிருந்தால் அது சிவப்பு ஜாதி.

இப்போது போனை நீட்டினால் நொடியில் லத்தீன் பெயர் வந்துவிடுகிறது. எனக்கு அதில் சந்தோஷம்தான். ஆனால் மேலிருந்து எடுத்த படத்தில் அடியில் இருக்கும் காய் விழாது. என் போன் இரண்டு கீழாநெல்லியையும் ஒன்றாகவே சொல்கிறது. போனுக்கு முன்பு நூல்கள்தான்: பெங்களூர் செயின்ட் ஜோசப் கல்லூரியின் பாதிரியார் செசில் சல்தானா, தாவரவியலாளர் டான் நிக்கல்சனோடு சேர்ந்து 1976-இல் ஹாசன் மாவட்டத் தாவரங்களைப் பற்றிப் பெரிய நூல் கொண்டுவந்தார். அப்படிப்பட்ட நூல்களை வைத்துச் செடியை அடையாளம் காண்பதும் பெரும்பாலும் பூவையும் காயையும் பார்த்துத்தான். பாட்டி சொன்ன ‘பூக்கட்டும்’ தாவரவியலுக்கும் பொருந்துகிற பேச்சு.

பூக்க விடவே கூடாதது பார்த்தீனியம். வெட்டுக்காயத்துக்குப் பாட்டி சாறு பிழிந்த மூக்குத்திப்பூவும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததுதான். அது மண்ணோடு ஒத்துப்போனது. பார்த்தீனியம் அரிப்பையும் மூச்சுத்திணறலையும் கொண்டுவந்தது. அதைத் தின்னவென்றே மெக்சிகோ வண்டு ஒன்றை வரவழைத்து, 1984-இல் இதே பெங்களூரில் விட்டார்கள். மழைக்காலத்தில் இலையைச் சல்லடையாக்கும். வெயில் காலத்தில் மண்ணுக்குள் உறங்கிவிடும். அந்த மாதங்களில் கைதான் பிடுங்க வேண்டும், அதுவும் உறை போட்டுக்கொண்டு.

அந்த வீடு இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி. வாசல் முழுக்க இன்டர்லாக் கல். இடுக்கில் புளியாரை மட்டும் எட்டிப் பார்க்கிறது, அதற்கும் மாதாமாதம் களைக்கொல்லி. பெயர் சொல்லக் கருவி வந்த காலத்தில் முளைக்க மண் இல்லாமல் போனது எனக்கு ஆறவே இல்லை.

எங்கள் குடியிருப்பின் அசோசியேஷன் கூட்டத்தில் கேட்கப்போகிறேன்: மோட்டார் அறைக்குப் பின்னால் ஒரு பாத்தி அகலத்துக்குக் கல்லைப் பெயர்த்து மண்ணை விடுங்கள். ஜூன் வரை அங்கே மருந்து அடிக்க வேண்டாம். பார்த்தீனியத்தை நானே பிடுங்கிவிடுகிறேன்.