துரைமார் ஆடிய தரை

நுவரெலியா ஹில் கிளப் 1876இல் பிறந்தது; விம்பிள்டன் போட்டிக்கு ஒரு வயது மூத்தது. இலைநோயில் கோப்பி செத்துக்கொண்டிருந்த காலம். தோட்டத் துரைமார் அசரவில்லை. மலைநாட்டில் சமதரை குதிரைக்கொம்பு என்பது வீடு கட்டப் பார்த்தவருக்குத் தெரியும். டென்னிஸுக்கு மட்டும் எப்படியோ கிடைத்துவிட்டது. துரை மண்வெட்டி பிடித்ததாகக் கேள்வியில்லை.

டை இல்லாமல் இரவுச் சாப்பாட்டுக்கு வந்தவருக்கு டையை இரவல் கொடுத்த கிளப் அது. தாராள மனசுதான்.

கொஞ்சம் கணக்குப் பார்ப்போமா? இரட்டையர் ஆடுகளம் 78 அடி நீளம், 36 அடி அகலம். 2,808 சதுர அடி. தோட்டத் தொழிலாளியின் லயத்துக் காம்பரா 10க்கு 12 அடி. நாலு பேர் பந்தடிக்கிற இடத்தில் 23 காம்பரா அடங்கும். ஒரு காம்பராவில் எத்தனை பேர் அடங்கினார்கள் என்பதை லயத்தில் பிறந்தவரைக் கேளுங்கள்.

பிறகு வந்தது நம்மவர் ஆட்சி. தனிவீட்டுக்கு 7 பேர்ச்சஸ் காணி என்றார்கள். 1,906 சதுர அடி. மனமிரங்கி 10 என்றாலும் 2,722தான். அப்போதும் ஆடுகளத்தை எட்ட 86 சதுர அடி குறைகிறது.

அமைச்சர்மாரே, இந்தப் பேர்ச்சஸ் பேரத்தை விடுங்கள். குடும்பத்துக்கு ஒரு டென்னிஸ் கோர்ட் என்று உறுதி எழுதிக் கொடுங்கள். ஓடிப் பந்தெடுக்கும் இடத்தையும் சேர்த்து.