வாசலில் நிற்கும் தகப்பனார்
(வாசகர் கேள்விகளும் விடைகளும்)

கேள்வி: கிறிஸ்தவச் சரித்திரக் காதல் கதைகளில், பெண்களைப் பெற்ற தகப்பனார் ஒருவர் தவறாமல் வாசலை மறித்துக்கொண்டு நிற்கிறாரே, அவர் இல்லாமல் கதை நடக்காதா?
— ஒரு வாசகி, பாகான் செராய்

பதில்: நடக்கும், ஆனால் இரண்டாம் அத்தியாயத்திலேயே மோதிரம் மாற்றி, விருந்தும் பரிமாறிப் புத்தகத்தை மூடிவிட வேண்டியிருக்கும். இருவர் ஒருவரையொருவர் விரும்புவது ஒரு க்ஷணத்தின் காரியம். அந்த விருப்பம் வெறும் மயக்கமா, ஆயுள் முழுவதையும் தாங்கத்தக்க உறுதியா என்று பரீட்சித்து அறிவதற்குத்தான் நானூறு பக்கங்கள் வேண்டியிருக்கின்றன. அந்தப் பரீட்சையை நடத்துகிறவர் தகப்பனார். ஆலிவர் கோல்ட்ஸ்மித் 1766இல் வெளியிட்ட வேக்ஃபீல்டு பாதிரியாரின் கதையில், செல்வச் சீமான் ஒருவனால் வஞ்சிக்கப்பட்டு வீட்டை விட்டுப் போன மூத்த மகள் ஒலிவியாவைத் தேடி, அந்த ஏழைப் பாதிரியார் ஊர் ஊராக அலைந்து, கண்டுபிடித்ததும் கண்டிக்காமல் வீட்டுக்கு அழைத்து வருகிறார். மகள் போகும்போது தடுக்கத் தவறிய தகப்பனுக்கும் அவள் திரும்பும்போது கதவைத் திறக்கும் பாக்கியம் இருக்கிறது என்பதை அக்கதை காட்டுகிறது.

கேள்வி: நம் தமிழில் அப்படிப்பட்ட தகப்பனார் உண்டா?
— ஒரு தமிழாசிரியர், தைப்பிங்

பதில்: முதல் நாவலிலேயே இரண்டு பேர் இருக்கிறார்கள். கத்தோலிக்கரும் மாயூரத்தில் முன்சீப்பாக இருந்தவருமாகிய வேதநாயகம் பிள்ளை 1879இல் வெளியிட்ட ‘பிரதாப முதலியார் சரித்திர’த்தில், மாப்பிள்ளை தம் வீட்டோடு வந்து இருக்கவேண்டும் என்று ஞானாம்பாளின் தகப்பனாரும், மருமகள் தம் வீட்டுக்கே வந்தாகவேண்டும் என்று பிரதாபனின் தகப்பனாரும் பிடிவாதம் பிடிக்க, பிள்ளைகளுக்குள் மனம் ஒன்றியிருந்தும் கல்யாணம் நின்றுபோகிறது. மகளைப் பிரிய மனமில்லாத வாத்ஸல்யம் மகளுடைய வாழ்வுக்கே தடையாகிவிடும் விந்தையை அந்த நீதிபதி நன்கு கண்டிருந்தார். அவர் செய்த மற்றொரு உபகாரமும் குறிப்பிடத்தக்கது: பெண் கல்வியை வற்புறுத்தி 1869இல் ‘பெண்மதி மாலை’ பாடியவர், கதையிலும் ஞானாம்பாளை ஆண்வேடத்தில் ஒரு நாட்டையே ஆளவைத்தார். நாட்டை ஆளும் புத்தியுள்ளவளுக்கு நாயகனைத் தெரிந்துகொள்ளும் புத்தி இராதா?

கேள்வி: மகள்மேல் உயிராக இருக்கும் தகப்பனின் காவல் எப்பொழுது குற்றமாகிறது?
— இரண்டு பெண்களுக்குத் தந்தை, ஈப்போ

பதில்: மகளுக்காகப் பயப்படுவது நின்று, மகளை இழப்போமே என்று தமக்காகப் பயப்படத் தொடங்கும்பொழுது. எட்வர்ட் பாரெட் என்னும் ஆங்கிலச் செல்வர் தம் பிள்ளைகளில் எவரும் மணம் செய்துகொள்ளலாகாது என்று விதித்திருந்தார். நாற்பது வயதாகியிருந்த மூத்த மகளும் பெரும் கவியுமான எலிசபெத் 1846 செப்டம்பரில் ராபர்ட் பிரௌனிங்கை இரகசியமாக மணந்துகொள்ள, அவள் எழுதிய கடிதங்களை உறைகூடப் பிரிக்காமல் திருப்பி அனுப்பி, கடைசிவரை மன்னிக்காமலே மாண்டார்.

பாட்ரிக் பிராண்டி பாதிரியாரோ மனம் மாறக்கூடியவர். தம் துணைப் பாதிரியாரான ஆர்தர் நிக்கல்ஸ் 1852இல் அவர் மகளும் நாவலாசிரியையுமான சார்லட்டைப் பெண் கேட்டபோது வெகுண்டெழுந்தார். பின்னர் இணங்கியும், 1854 ஜூன் 29ஆம் நாள் விவாகத்தின்போது கோவிலுக்கு வராமல் வீட்டிலேயே இருந்துவிட்டார். மணப்பெண்ணைக் கைப்பிடித்துக் கொடுத்தவர் அவளுடைய பழைய ஆசிரியை. ஓராண்டு நிறையுமுன் சார்லட் இறந்தாள். எந்த மருமகனை வேண்டாம் என்றாரோ, அந்த மருமகனே 1861இல் அக்கிழவர் கண்மூடும்வரை கூடவே இருந்து பராமரித்தார். வேண்டாம் என்று சொல்லுமுன் ஒரு மனிதனை எவ்வளவு ஆழமாக அறிந்திருக்கவேண்டும் என்பதற்கு இதைவிடச் சிறந்த சாட்சி எனக்குத் தெரியாது.

கேள்வி: ராகேலுக்காக யாக்கோபை ஏழு வருஷம் வேலைவாங்கிய லாபானைப்போல், நாமும் மாப்பிள்ளையைச் சோதித்தால் என்ன?
— ஒரு தகப்பனார், பாரிட் புந்தார்

பதில்: லாபான் சோதித்தது மாப்பிள்ளையை அல்ல, இலாபத்தை. ராகேலுக்குப் பதிலாக மூத்தவள் லேயாளைக் கொடுத்து ஏமாற்றி இன்னும் ஏழு வருஷம் உழைப்பைப் பறித்தார். தகப்பன் தங்களை விற்றுவிட்டார் என்று அவ்விரு பெண்களே பின்னாளில் வருந்தினார்கள். தாங்கள் பின்பற்றத்தக்கவர் மீதியானின் ஆசாரியர். கிணற்றடியில் தம் ஏழு குமாரத்திகளை மேய்ப்பர்களிடமிருந்து காத்து, ஆடுகளுக்குத் தண்ணீரும் இறைத்துக் கொடுத்த அந்நியன் ஒருவனைப் பற்றிக் கேள்விப்பட்டதும், அவனை ஏன் விட்டுவிட்டு வந்தீர்கள், சாப்பிட அழைத்து வாருங்கள் என்றுதான் அவர் சொன்னார். வந்தவர் மோசே, அக்குமாரத்திகளில் ஒருத்தியான சிப்போராளின் கணவரானார். பையனை அறிய வேண்டுமானால் சோறு போட்டுப் பேசுங்கள்.

கேள்வி: தகப்பன் சம்மதிக்காவிட்டால் கல்யாணம் செல்லாதா?
— ஓர் இளைஞன், சுங்கை சிப்புட்

பதில்: தம்பி, பெற்றோர் இசைவின்றிச் செய்த விவாகம் செல்லாது என்போரைத் திரெந்து பொதுச்சங்கம் 1563லேயே கண்டித்தது, அதேசமயம் அப்படி நடப்பதைத் திருச்சபை வெறுக்கிறது என்றும் சொல்லி, மூன்று திருநாட்களில் கோவிலில் ஓலை வாசிக்கவும், பங்குக் குருவும் சாட்சிகளும் முன்னிற்கவும் கட்டளையிட்டது. மணமக்களின் சம்மதமே விவாகத்தை உண்டாக்குகிறது. ஊரறியச் செய்வது அதைக் காக்கிறது. நம் மலேசிய நாட்டின் 1976ஆம் ஆண்டு விவாகச் சட்டம், 21 வயது நிறையாதவர்க்குத் தந்தையின் எழுத்துமூலமான இசைவை வேண்டுகிறது. வயது நிறைந்துவிட்டதென்று அவரைப் பார்க்காமல் போய்விடாதே. சட்டத்துக்கு அவர் தேவையில்லை என்றாலும் உன் மனைவிக்குத் தேவைப்படுவார்.

கேள்வி: இதெல்லாம் வெள்ளைக்காரர் கதை. பால்மரம் வெட்டிய நம் பாட்டிமாருக்கு ஏது காதல்?
— ஒரு வாசகர், பாகான் செராய்

பதில்: காதல் இருந்தது, எழுத ஆளில்லை. பின்னாளில் மலாக்கா ஆயராக உயர்ந்த ரெனே ஃபே என்னும் பிரெஞ்சுக் குரு, பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழ்க் கத்தோலிக்கரைக் குடியேற்றிய ஊரல்லவா நம் பாகான் செராய்? கடல் கடந்து வந்து, உற்றாரை ஊரிலே விட்டு, விடிவதற்குமுன் பெரட்டுக்கு நின்று, காண்டாவில் இருபுறமும் பால்வாளி தொங்கத் தள்ளாடி நடந்த ஒரு தகப்பன், தன் பெண் தனித்து நிரையில் நிற்கையில் துரையும் கிராணியும் கங்காணியும் எந்தக் கண்ணோடு பார்ப்பார்களோ என்று நெஞ்சு பதறியதில் நியாயம் இருந்தது. அவன் கடுமை அதிகாரத்தால் வந்ததன்று; தன்னிடம் அதிகாரமே இல்லை என்ற துக்கத்தால் வந்தது. அந்தத் தகப்பனையும், லயத்துக் குழாயடியில் அவன் கண்ணுக்குத் தப்பாமல் நின்ற இளைஞனையும் வைத்து நம் பேராக் பிள்ளைகள் ஒரு நாவல் எழுதவேண்டும் என்பது என் மனமார்ந்த ஆசை.

கேள்வி: தகப்பனை இழந்த பெண்களுக்கு யார் காவல்?
— ஒரு தாய், கோலகங்சார்

பதில்: வேதாகமத்தில் தகப்பனை இழந்து நின்ற செலோப்பியாத்தின் ஐந்து குமாரத்திகளைப் பாருங்கள், அம்மா. சபைநடுவே நின்று தந்தையின் பங்கைக் கேட்டு வாங்கினார்கள். கோத்திரத்துக்குள் தங்களுக்கு விருப்பமானவர்களை மணக்கலாம் என்ற அனுமதியும் பெற்றார்கள். வாய்திறந்து கேட்கக் கற்றுக்கொடுங்கள், அதுவே காவல்.

கேள்வி: பெண் கேட்டு வருகிறவர்களிடம் முதலில் எதை விசாரிப்பது?
— மூன்று பெண்களுக்குத் தந்தை, தெலுக் இந்தான்

பதில்: அவர்களிடம் விசாரிக்குமுன் உள்ளே போய் மகளிடம் விசாரியுங்கள். பெண் கேட்டு வந்த ஊழியனிடம், பத்து நாளாவது பெண் எங்களோடு இருக்கட்டும் என்று ரெபெக்காளின் வீட்டார் தயங்கியபோது, கடைசியில் அவளையே கூப்பிட்டு, இந்த மனிதனோடு போகிறாயா என்று கேட்டார்கள். அவளும் தயங்காமல் விடை சொன்னாள். பையனின் குடியும் கடனும் கோபமும் தெரிந்து வந்து உள்ளது உள்ளபடி மகளுக்குச் சொல்வது தங்கள் கடமை. தீர்ப்பு அவளுடையது, தாங்கள் அவள் முழுமையாக நம்பக்கூடிய சாட்சியாக இருந்தால் போதும்.