ஒரே இடத்தில் நின்றவனின் வாக்குமூலம்

"ஆறு வருஷத்துல நாலு கம்பெனி. ஏன் தம்பி, ஒரு இடத்துல நிக்கவே மாட்டீங்களா?"

காரைக்குடியில் விடியற்காலைப் பல்லவன் ரயிலைப் பிடித்து, எழும்பூரில் இறங்கி, இஸ்திரி மடிப்பு கலையாமல் போய் உட்காரும் பையனிடம் எச்.ஆர். கேட்கும் முதல் கேள்வி இது. பெண் கொடுக்கப் போகும் தகப்பன்கூட மாப்பிள்ளையை இப்படித் துருவ மாட்டான். பையனும் மனப்பாடம் செய்துகொண்டுதான் வந்திருக்கிறான். "கரியர் க்ரோத் சார்." "புது டெக்னாலஜி கத்துக்கலாம்னு சார்." இரண்டும் பொய். பொய் என்று அவருக்கும் தெரியும். உண்மையைச் சொன்னால் வேலை போச்சு. பொய்யை நன்றாகச் சொன்னால், 'கம்யூனிகேஷன் ஓகே' என்று ஒரு டிக்.

உண்மை வேண்டுமென்றால் அவனுடைய பி.எஃப். பாஸ்புக்கைப் பாருங்கள். நாலு முதலாளிகள் பெயர் இருக்கும். அதில் மூன்று பேருக்கும் ஒரே ஆலை, ஒரே கேட், ஒரே மெஷின், கேன்டீனில் ஒரே சாம்பார். அந்த மூன்றிலும் பையன் நின்ற இடத்தைவிட்டு ஓரடி நகரவில்லை. அவன் தலைக்கு மேலே காண்ட்ராக்ட்காரர்தான் மாறிக்கொண்டே இருந்தார். நாளைக்கு 'நிரந்தரம்' என்று வாயைத் திறந்துவிடக் கூடாதே! புது ஏஜென்சி, புது ஐ.டி. கார்டு, கழுத்துக் கயிற்றின் நிறம் மாறும், சம்பளம் மாறாது. இந்தக் கூத்தை நடத்தியவர்களே எதிரில் உட்கார்ந்து 'ஏன் மாறினாய்' என்று கேட்கிறார்கள். வெட்கம் என்ற சரக்கு கார்ப்பரேட்டில் ஸ்டாக் இல்லை போலும்.

நோக்கியா 2006ல் ஸ்ரீபெரும்புதூரில் உற்பத்தியைத் தொடங்கியது, 2014 நவம்பரில் நிறுத்தியது. ஃபோர்டு 2021 செப்டம்பரில் மூட்டை கட்டப்போவதாக அறிவித்தது, மறு வருஷம் மறைமலைநகர் ஆலையில் உற்பத்தி நின்றது. அதற்குப் பெயர் வியாபார முடிவு. அங்கிருந்து வெளியே தள்ளப்பட்டவன் அடுத்த வாசலைத் தட்டினால் 'ஸ்டெபிலிட்டி இல்லை'. அரசாங்கமாவது யோக்கியமா? 2022ல் அக்னிபத் கொண்டுவந்தது. நாலு வருஷம் துப்பாக்கி தூக்கு, நூற்றுக்கு 25 பேர்வரை உள்ளே, மீதிப் பேர் வீட்டுக்கு. அவர்களும் இதே நாற்காலியில் வந்து உட்காருவார்கள். 'ஆர்மியை ஏன் விட்டீங்க?' என்பதற்கு இப்போதே ஒரு நல்ல பதிலாகத் தயார் செய்துகொள்ளட்டும்.

பெண்பிள்ளை என்றால் கேள்வி இன்னும் கேவலம். 'நடுவுல ரெண்டு வருஷம் காணோமே?' பிள்ளை பெற்றேன் என்று சொன்னால் கொலைக்குற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரி பார்க்கிறார்கள். 26 வாரப் பேறுகால விடுப்பு 2017லிருந்து சட்டத்தில் இருக்கிறது. சட்டத்தில்.

இதையெல்லாம் செட்டிநாட்டுக்காரனிடம் கேட்கிறார்களே, அதுதான் தாங்க முடியவில்லை. வட்டிக்கடை வைக்கப் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிக்கப் போன காலத்தில், கடையை நடத்தும் ஏஜெண்டுக்குத் தவணை மூன்று வருஷம். பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, அடுத்தாளாகி, மேலே வந்தவர், தவணை முடிந்ததும் அடுத்து வந்தவரிடம் கணக்கை ஒப்படைத்துவிட்டுக் கப்பலேறுவார். ஊரில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு மறுபடி புறப்படுவார். யாரும் அவரை ஓடுகாலி என்று சொல்லவில்லை. அந்தக் காலம் சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. ஆத்தாளும் பெண்டாட்டியும் வாசலைப் பார்த்துக் காத்துக் கிடந்த வீடுகள் எத்தனையோ. ஆனால் எத்தனை வருஷம், எவ்வளவு சம்பளம் என்பது சம்பளச் சீட்டில் எழுத்தில் இருந்தது. இன்றைய ஆஃபர் லெட்டரில் இருப்பது என்ன? கம்பெனி நினைத்தால் காரணம் சொல்லாமல் அனுப்பலாம். பையன் நினைத்தால் மூன்று மாத நோட்டீஸ்.

கேம்பஸ் இன்டர்வியூ நடத்தக் காரைக்குடிக்கே வருகிறார்கள். எந்த வளாகத்தில்? அழகப்பர் பெயர் தாங்கிய வளாகத்தில். 1909ல் கோட்டையூரில் பிறந்த அந்த மனிதரின் பயோடேட்டாவை நீட்டிப் பார்ப்போமா? ஆங்கிலத்தில் எம்.ஏ. லண்டனில் பாரிஸ்டர் படிப்பு, அங்கேயே பேங்கில் பயிற்சி, விமானம் ஓட்டவும் பயிற்சி. திரும்பி வந்து கொச்சிச் சீமையில் ஜவுளி ஆலை, பம்பாயில் ஹோட்டல், அப்புறம் ஒரு விமானக் கம்பெனி. 1947ல் காரைக்குடியில் கல்லூரி. சிக்ரி என்ற மின்வேதியியல் ஆய்வகம் வருவதற்கு 300 ஏக்கரும் 15 லட்ச ரூபாயும் நன்கொடை. 1957ல் போய்ச் சேர்ந்தபோது 48 வயது நிறையவில்லை.

எச்.ஆர். உதட்டைப் பிதுக்குவார்: "ப்ரொஃபைல் ஃபோகஸ்டா இல்லையே சார். சொல்லி அனுப்புறோம்."

அழகப்பர் முதலாளி, இந்தப் பையன் சம்பளக்காரன், இரண்டும் ஒன்றா என்பீர்கள். நானும் அதைத்தான் சொல்கிறேன். முதலாளி மாறினால் துணிச்சல், கூலிக்காரன் மாறினால் துரோகம்.

கடைசியில் பெரிய மனசு பண்ணி, "எங்ககிட்ட ஏதாவது கேக்கணுமா?" என்பார்கள். தம்பிகளே, தங்கச்சிகளே, சம்பளத் தேதி எது என்று கேட்டுவிட்டு எழுந்து வந்துவிடாதீர்கள். எனக்கு முன்னால் இந்த வேலையில் இருந்தவர் ஏன் போனார்? போன வருஷம் எத்தனை பேரை ராஜினாமா எழுதச் சொல்லி வாங்கினீர்கள்? கேளுங்கள். முடிந்தால், அந்த எச்.ஆர். இந்தக் கம்பெனிக்கு வந்து எத்தனை வருஷம் ஆகிறது என்பதையும் கேளுங்கள். ஒன்றரை இருக்கும். அதற்கு முன்னால் மூன்று கம்பெனி இருக்கும். "கரியர் க்ரோத்" என்பார், பாருங்கள்.