கிரிவலம் போன ஹார்டு டிஸ்க்

தேரடித் தெருவில் ஒரு மொத்த மளிகைக் கடை. அதன் கணக்குப்பிள்ளை பௌர்ணமி தவறாமல் கிரிவலம் போவார். கிளம்புமுன், பத்து வருட விற்பனைக் கணக்கைப் புது டேட்டாபேஸில் ஏற்றும் புரோகிராமைத் தட்டிவிடுவார். எட்டு லட்சம் வரி. அவர் 14 கிலோமீட்டரும் நடந்து, அஷ்டலிங்கத்தையும் கும்பிட்டு, அடி அண்ணாமலையில் டீ குடித்துத் திரும்பும்போதுதான் அது முடிந்திருக்கும். யார் கேட்டாலும் ஒரே பதில்: "மிஷின் ஓடுதுங்க."

முதலாளி என்னைக் கூப்பிட்டனுப்பினார். "நாலு மணி நேரமா உள்ள என்னதான் பண்ணுது தம்பி?"

அதுவும் கிரிவலம்தான் போய்க்கொண்டிருந்தது. அந்தப் புது டேட்டாபேஸ் எஸ்கியூலைட். அதில் பிகின் போடாமல் இன்சர்ட் கொடுத்தால் ஒவ்வொரு வரியும் தனி டிரான்சாக்‌ஷன். முதல் வரி டிஸ்க்கில் பதிந்தது உறுதியானால்தான் அடுத்த வரி. அதற்குத் தட்டு இரண்டு முழுச் சுற்று சுற்றியாக வேண்டும். அந்தப் பழைய டிஸ்க் நிமிஷத்துக்கு 7200 சுற்று, அதாவது நொடிக்கு 120. ஆக, நொடிக்கு 60 வரி. எட்டு லட்சத்துக்குக் கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட மூன்றே முக்கால் மணி நேரம். கணக்குப்பிள்ளையின் நடையும் அதே வேகம்தான்.

முதலில் ஒரு பிகின், கடைசியில் ஒரு கமிட் போட்டேன். இன்டெக்ஸ்களை நீக்கிவிட்டு, எல்லாம் ஏறிய பிறகு திரும்ப உருவாக்கினேன். சொன்ன டீ வருவதற்குள் வேலை முடிந்தது. சிங்க்ரனஸை ஆஃப் செய்தால் இன்னும் பறக்கும் என்பார்கள்; ஆனால் நடுவில் கரண்டு போனால் டேட்டாபேஸே கெட்டுப்போகலாம். ஐப்பசி மழையில் நம்மூர் கரண்டை நம்பி அதையெல்லாம் செய்வதற்கில்லை.

முதலாளிக்குச் சந்தோஷம். கணக்குப்பிள்ளைக்கு முகமே சரியில்லை.

"கமிட் ஒண்ணே ஒண்ணுதானா தம்பி? பாதியில கரண்டு போனா ஏத்தினதெல்லாம் போயிடுமே?"

நியாயமான கேள்வி. "பத்தாயிரம் வரிக்கு ஒரு கமிட் வச்சிடலாங்க ஐயா."

"ஆயிரத்துக்கு?"

"வைக்கலாம்."

"நூத்துக்கு?"

"அதுக்கும் வைக்கலாம். கொஞ்சம் மெதுவாப் போகும்."

"ஒவ்வொரு வரிக்கும் வச்சா இன்னும் பத்திரமில்லையா?"

கல்லாவிலிருந்து முதலாளி தலையைத் தூக்கினார். "ஏங்க, பௌர்ணமிக்கு லீவு போட்டுட்டுத்தான் போங்களேன்!"

"லீவுன்னா சம்பளத்துல பிடிப்பீங்களே" என்றார் கணக்குப்பிள்ளை.