முட்டை, உளுந்து, கங்காரு வால்

ஜிம் மாஸ்டர் தினமும் பத்து முட்டையின் வெள்ளைக்கரு சாப்பிடச் சொல்கிறார். அந்தப் புரதம் நேராகக் கைத்தசைக்குப் போகுமா, வழியில் தொப்பையில் இறங்கிவிடுமா?
– கல்லூரி மாணவர், கோவை

நேராக எங்கும் போகாது. இரைப்பையில் பெப்சின், அதைத் தாண்டினால் கணையத்திலிருந்து வரும் டிரிப்சின் என்று வரிசையாக நொதிகள் காத்திருக்கின்றன. அவை முட்டைப் புரதத்தைத் துண்டு துண்டாக வெட்டி, பெரும்பாலும் தனித்தனி அமினோ அமிலங்களாக்கிய பிறகுதான் ரத்தத்துக்குள் விடும். பாட்டியின் ஒட்டியாணத்தைப் பத்தரிடம் கொடுத்து உருக்கிவிட்டால் அது வளையலாகலாம், மூக்குத்தியாகலாம். ஒட்டியாணமாகவே திரும்பி வர வேண்டும் என்று கட்டாயமில்லை. முட்டைக்கும் அதே கதிதான். அதிலிருந்த லூசின் என்ற அமினோ அமிலம் உங்கள் புஜத்தில் சேரலாம், நாளைக்கு முளைக்கும் தாடியில் சேரலாம், சளிக்கிருமியை எதிர்க்கும் ஆன்டிபாடியிலும் சேரலாம்.

எடை தூக்கினால்தான் தசை நார்கள் புதுப் புரதம் கட்டும் வேலை சூடு பிடிக்கும். தூக்காமல் முட்டை மட்டும் தின்றால் அந்த வேலை வேகம் பிடிக்காது. அளவையும் சொல்லிவிடுகிறேன். ஐசிஎம்ஆர் 2020-இல் தந்த பரிந்துரை, உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம். 60 கிலோ இருப்பவருக்கு 50 கிராம். பயிற்சி செய்பவருக்கு இன்னும் கொஞ்சம் வேண்டும். கொழுப்பைச் சேர்த்து வைக்க உடம்பில் இடமுண்டு; அமினோ அமிலத்துக்கென்று கிடங்கு கிடையாது. மிஞ்சியதிலிருந்து கல்லீரல் நைட்ரஜனைக் கழற்றி யூரியாவாக்கிச் சிறுநீரில் அனுப்பும். மீதி, சர்க்கரையாகவோ கொழுப்பாகவோ மாறும். ஆகவே உங்கள் தொப்பைக் கவலை நியாயமானது. இன்னொன்று, மஞ்சள் கருவை எறியாதீர்கள். முட்டையின் புரதத்தில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு அதில்தான் இருக்கிறது.

20 அமினோ அமிலங்களில் 9 மட்டும் 'அத்தியாவசியம்' என்கிறார்களே, மற்ற 11 தண்டமா?
– பள்ளி ஆசிரியை, மதுரை

அந்தப் பதினொன்றையும் உடம்பு வெளியில் எதிர்பார்ப்பதில்லை, தானே செய்துகொள்கிறது. ஒன்பதைச் செய்யும் திறனை நாம் இழந்துவிட்டோம், சாப்பாட்டில் வந்தால்தான் உண்டு. அவ்வளவுதான் வித்தியாசம். செடிகளுக்கு இந்தக் கஷ்டமே கிடையாது, இருபதையும் தாமே செய்துகொள்ளும்.

இந்தக் கணக்கைப் போட்டவர் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் இருந்த வில்லியம் ரோஸ். அன்று தெரிந்திருந்த அமினோ அமிலங்களையெல்லாம் கலந்து எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார், எலிகள் வளரவில்லை. பால் புரதமான கேசினைக் கொடுத்தால் வளர்ந்தன. அப்படியானால் கேசினில் யாருக்கும் தெரியாத ஒன்று ஒளிந்திருக்க வேண்டும். தேடிப் பிடித்தார். 1935-இல் கிடைத்த அந்தக் கடைசி ஆள்தான் திரியோனின். எலியின் எடை குறைந்ததை ஒரு கேள்வியாகப் படித்த அந்தப் பொறுமை எனக்கு மிகவும் பிடிக்கும்.

இட்லிக்கு அரிசியே போதாதா? உளுந்து விற்கும் விலைக்கு அதைக் குறைத்தால் என்ன?
– இல்லத்தரசி, திண்டுக்கல்

இட்லி கல்லாகும் என்பது உங்களுக்கே தெரியும். தெரியாத நஷ்டம் ஒன்றும் இருக்கிறது. அரிசிப் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. உளுந்தில் லைசின் தாராளம், மெத்தியோனின் குறைவு. அரிசியில் மெத்தியோனின் போதிய அளவு உண்டு. ஒரு புரதம் கட்டும்போது வேண்டிய அமினோ அமிலங்களில் ஒன்று இல்லையென்றாலும் வேலை அந்த இடத்திலேயே நின்றுவிடும். மற்ற பத்தொன்பதும் குவிந்து கிடந்து பயனில்லை. அரிசியும் உளுந்தும் சேரும்போது ஒன்றின் குறையை மற்றது தீர்க்கிறது. சாதமும் சாம்பாரும், பொங்கலில் பாசிப்பருப்பும் இதே கணக்குதான். இரண்டும் ஒரே தட்டில் இருக்க வேண்டுமென்பதில்லை. ஒரு நாளைக்குள் வந்து சேர்ந்தால் போதும். வேறு எதிலாவது சிக்கனம் பிடியுங்கள், உளுந்தில் வேண்டாம்.

காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜன். புரதத்துக்கு வேண்டியதும் நைட்ரஜன். மூச்சை இழுத்தே புரதம் சேர்க்க முடியாதா?
– விவசாயி, தஞ்சாவூர்

முடிந்தால் உரக்கடைகளை மூடிவிடலாம். காற்றிலுள்ள நைட்ரஜன் அணுக்கள் இரண்டிரண்டாக மும்மடங்குப் பிணைப்பில் இறுகிக் கிடக்கின்றன. அதைப் பிரிக்க நமக்கும் தெரியாது, நெல்லுக்கும் தெரியாது. சில பாக்டீரியாக்களுக்குத்தான் தெரியும். அவற்றில் ஒன்று உங்கள் வயலிலேயே குடியிருக்கிறது.

சம்பா அறுப்புக்கு முன் தெளித்த தரிசு உளுந்தில் பூப்பதற்கு முன்னால் ஒரு செடியை மண்ணோடு மெல்லப் பறித்து, வேரைத் தண்ணீரில் அலசிப் பாருங்கள். மிளகளவில் முடிச்சுகள் தெரியும். ஒன்றை நகத்தால் பிளந்தால் உள்ளே இளஞ்சிவப்பு. நம் ரத்தத்தின் ஹீமோகுளோபினுக்குச் சொந்தக்காரப் புரதம் ஒன்று அங்கே இருக்கிறது, பெயர் லெக்ஹீமோகுளோபின். முடிச்சுக்குள் ரைசோபியம் பாக்டீரியா, நைட்ரோஜினேஸ் என்ற நொதியால் நைட்ரஜனை அமோனியாவாக மாற்றுகிறது. ஆக்சிஜன் பட்டால் அந்த நொதி கெட்டுவிடும். அதே சமயம், பாக்டீரியா மூச்சுவிட ஆக்சிஜனும் வேண்டும். சிவப்புப் புரதம் ஆக்சிஜனைப் பிடித்துவைத்துத் தேவைக்கு மட்டும் விடுகிறது. செடி அந்த அமோனியாவைக் குளூட்டாமிக் அமிலத்தோடு சேர்த்துக் குளூட்டமின் ஆக்கி, அங்கிருந்து மற்ற அமினோ அமிலங்களுக்கு நைட்ரஜனைக் கைமாற்றுகிறது. முடிச்சு உள்ளே சிவந்திருந்தால் வேலை நடக்கிறது, வெளுத்திருந்தால் நடக்கவில்லை.

மட்டன் வேக பப்பாளிக்காய் எதற்கு?
– சமையல் ஆர்வலர், காரைக்குடி

பப்பாளிப் பாலில் பப்பாயின் என்ற நொதி இருக்கிறது. தசைப் புரதத்தை வெட்டும். ஆனால் அந்த நொதியும் ஒரு புரதம், கொதியில் செத்துவிடும். அடுப்பில் ஏற்றும் முன்பே தடவி ஊறவைத்துவிடுங்கள்.

எனக்குத் தினமும் இன்சுலின் ஊசி. மாத்திரையாகக் கொடுத்தால் குறைந்தா போவார்கள்?
– ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர், சேலம்

ஐயா, முதல் பதிலில் முட்டைக்கு நேர்ந்ததுதான் இன்சுலினுக்கும் நேரும். அதுவும் புரதமே. 21 அமினோ அமிலங்கள் ஒரு சங்கிலி, 30 இன்னொரு சங்கிலி, ஆக 51. விழுங்கினால் உங்கள் வயிறு அதை மருந்தென்று பார்க்காது, சாப்பாடாகத்தான் பார்க்கும். ஊசியில் போட்டால் அதன் வரிசையும் வடிவமும் சிதையாமல் ரத்தத்தை அடைகிறது.

இந்த 51-உம் எந்த வரிசையில் நிற்கின்றன என்று கண்டுபிடித்தவர் கேம்பிரிட்ஜில் பிரெடரிக் சாங்கர். அதற்கு முன்பு, புரதம் என்பது திட்டமான வரிசை இல்லாத கலவையாக இருக்கலாம் என்று நினைத்தவர்களும் உண்டு. அப்படியில்லை, ஒவ்வொரு இடத்திலும் இன்னதுதான் நிற்கும் என்று சாங்கர் காட்டினார். 1958-இல் நோபல் பரிசு வந்தது. பன்றியின் இன்சுலின் நம்முடையதிலிருந்து ஒரே ஓர் அமினோ அமிலத்தில்தான் மாறுகிறது, மாட்டினுடையது மூன்றில். அதனால்தான் பல ஆண்டுகள் அவற்றின் கணையத்திலிருந்து எடுத்ததை மனிதர்களுக்குப் போட முடிந்தது. 1982-இல், பாக்டீரியாவுக்குள் மனித மரபணுவைச் செலுத்தி மனித இன்சுலினையே செய்வித்து விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள்.

பாக்டீரியாவுக்கு மனித மரபணு எப்படிப் புரிந்தது? டியூஷன் வைத்தார்களா?
– பன்னிரண்டாம் வகுப்பு மாணவி, நாகர்கோவில்

தேவைப்படவில்லை அம்மா! பாக்டீரியாவும் வாழைமரமும் நீயும் படிப்பது ஏறக்குறைய ஒரே பாடத்தைத்தான். டிஎன்ஏ-வில் உள்ள செய்தி தூது ஆர்என்ஏ-வாகப் படியெடுக்கப்படும். ரைபோசோம் அதை மூன்று மூன்று எழுத்தாகப் படிக்கும். நான்கு எழுத்தில் மும்மூன்றாக 64 கூட்டுகள் வரும். 61 கூட்டுகள் அமினோ அமிலங்களைக் குறிக்கும், மூன்று 'நிறுத்து' என்று சொல்லும். ஒவ்வொரு அமினோ அமிலத்தையும் கடத்து ஆர்என்ஏ சுமந்துவரும். கூட்டு பொருந்தினால் இறக்கிவைக்கும். முந்தைய அமிலத்தோடு பிணைப்பு உண்டாகும். பாக்டீரியாவில் இது நொடிக்கு சுமார் 20 முறை நடக்கிறது.

எந்தக் கூட்டுக்கு எந்த அமிலம் என்று முதலில் பிடித்தவர்கள் 1961-இல் மார்ஷல் நிரன்பர்க்கும் ஹைன்ரிக் மத்தேயியும். யு என்ற எழுத்து மட்டுமே திரும்பத் திரும்ப வரும் ஆர்என்ஏ-வைச் சோதனைக் குழாயில் விட்டார்கள். வெளியே வந்த சங்கிலி முழுக்க ஃபீனைல்அலனின். யுயுயு என்றால் ஃபீனைல்அலனின் என்று தெரிந்துபோனது. மிச்சத்தை அவிழ்த்ததில் ஹர் கோவிந்த் குரானாவுக்குப் பெரும் பங்கு; 1968-இல் நிரன்பர்க், ராபர்ட் ஹாலி ஆகியோருடன் நோபலைப் பகிர்ந்தார்.

ரைபோசோமின் வடிவத்தை அணு அளவில் காட்டியதற்காக 2009-இல் நோபல் பெற்ற மூவரில் ஒருவர் சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன். அந்த ஆய்வுகள் ஓர் அதிசயத்தைக் காட்டின. அமினோ அமிலங்களைப் பிணைக்கும் இடத்தில் வேலை செய்வது புரதமல்ல, ஆர்என்ஏ. புரதங்கள் வருவதற்கு முன்பே ஆர்என்ஏ இந்த வேலையைத் தொடங்கியிருக்கலாம் என்ற எண்ணத்துக்கு இது பெரிய பலம். தேர்வில் இதைக் கேட்காவிட்டாலும் நினைவில் வைத்துக்கொள்.

அவித்த முட்டையைப் பச்சை முட்டையாக்க முடியுமா? பந்தயம் கட்டியிருக்கிறேன்.
– வாசகர், திருச்சி

எந்தப் பக்கம் கட்டினீர்கள்? சங்கிலியாகப் பிறக்கும் புரதம் உடனே மடங்கி ஒரு வடிவம் எடுக்கும். தண்ணீரை வெறுக்கும் அமிலங்கள் உள்ளே ஒளிய, விரும்புபவை வெளியே நிற்கும். சூடு ஏறினால் அந்த மடிப்புகள் அவிழும். உள்ளே ஒளிந்திருந்தவை வெளிப்பட்டு, பக்கத்துச் சங்கிலிகளோடு சிக்கிக்கொள்ளும். தெளிவாக இருந்த திரவம் வெள்ளைக் கட்டியாவது அதனால்தான். வரிசை அப்படியே இருக்கிறது, வடிவம் போய்விட்டது.

சிக்காமல் மட்டும் பார்த்துக்கொண்டால் புரதம் தானாகவே பழையபடி மடங்கும். கிறிஸ்டியன் ஆன்ஃபின்சன் 124 அமினோ அமிலங்கள் கொண்ட ரைபோநியூக்ளியேஸ் நொதியை ரசாயனத்தால் முழுக்க அவிழ்த்தார். ரசாயனத்தை நீக்கியதும் அது மீண்டும் மடங்கி வேலையைத் தொடங்கியது. எப்படி மடங்க வேண்டும் என்ற செய்தி வரிசையிலேயே இருக்கிறது என்பதற்கு அதுதான் சாட்சி. 2015-இல் கலிபோர்னிய, ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் அவித்த வெள்ளைக்கருவை யூரியாவில் கரைத்து, வேகமாகச் சுழலும் கருவியில் விட்டு, அதிலிருந்த லைசோசைம் என்ற புரதத்தை மீட்டார்கள். ஒரு புரதத்தை மீட்கலாம், முட்டையை முடியாது. பந்தயத் தொகையைப் பங்கு போட்டுக்கொள்ளுங்கள்.

கொலாஜன் கிரீம், கொலாஜன் பவுடர் என்று விளம்பரங்கள் துரத்துகின்றன. வாங்கலாமா?
– ஐடி ஊழியர், சென்னை

கொலாஜன் மிகப் பெரிய மூலக்கூறு. தோலின் மேல் பூசினால் உள்ளே நுழையாது. கிரீம் ஈரப்பதம் தரும், அவ்வளவுதான். பவுடரை விழுங்கினால் அமிலங்களாகவும் குட்டித் துண்டுகளாகவும் உடையும். அதில் டிரிப்டோபான் அறவே இல்லை என்பதால், புரதச் சத்துக்காக வாங்கினால் பருப்பே மேல். உங்கள் உடம்பு கொலாஜன் கட்ட வைட்டமின் சி வேண்டும், அது இல்லாமல் முறுக்கிய இழைகள் உறுதிப்படா. நெல்லிக்காய் வாங்குங்கள்.

சென்னைக்காரர் கொலாஜன் பற்றிக் கேட்டுவிட்டு ஜி.என். ராமச்சந்திரனை அறியாமல் போகக்கூடாது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தில் இயற்பியல் துறைக்கு 1952-இல் தலைமையேற்றபோது அவருக்கு வயது முப்பதுதான். அங்கே வந்த பிரிட்டிஷ் அறிஞர் ஜே.டி. பெர்னால், கொலாஜனின் வடிவம் இன்னும் பிடிபடவில்லை என்று சொல்ல, ராமச்சந்திரன் அதைக் கையில் எடுத்தார். எக்ஸ்-கதிர் படம் பிடிக்க நல்ல மாதிரி வேண்டுமே? அடையாற்றில் இருந்த மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்தில் கங்காருவின் வால் தசைநாண் கிடைத்தது! அதை வைத்து அவரும் கோபிநாத் கர்த்தாவும் 1954-இல் நேச்சர் இதழில் மூன்று சங்கிலிகள் சேர்ந்த வடிவத்தை முன்வைத்தார்கள். மறு ஆண்டே, மூன்றும் ஒன்றையொன்று முறுக்கிக்கொள்வதாகத் திருத்தினார்கள். கொலாஜனில் ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் கிளைசின் நிற்பது ஏன் என்பதும் விளங்கியது. மூன்று சங்கிலிகளும் நெருங்கும் நடுப்பகுதியில், இருப்பதிலேயே சிறிய அமிலத்துக்குத்தான் இடம்.

1963-இல் சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோருடன் இன்னொரு கேள்வியை எடுத்தார். புரதச் சங்கிலியில் ஒவ்வொரு அமிலத்தின் இருபுறமும் உள்ள பிணைப்புகள் எந்தெந்தக் கோணங்களில் திரும்பலாம், எவற்றில் அணுக்கள் இடித்துக்கொள்ளும்? விடையை ஒரு சதுரத்தில் வரைந்தார்கள். அதுதான் ராமச்சந்திரன் வரைபடம். இன்று உலகில் யார் ஒரு புரதத்தின் வடிவத்தைக் கண்டறிந்தாலும் அந்தச் சதுரத்தில் வைத்துத்தான் சரிபார்க்கிறார்கள். அவருக்கு நோபல் கிடைக்கவில்லை. நம் பாடப்புத்தகங்களிலாவது அவருக்கு இன்னும் பெரிய இடம் கொடுக்க வேண்டும் என்பது என் கட்சி.

இத்தனை அமினோ அமிலங்களில் ஒன்று இடம் மாறினால் அப்படி என்ன குடி முழுகிவிடும்?
– வாசகர், ஈரோடு

பல இடங்களில் ஒன்றும் ஆகாது. சில இடங்களில் உண்மையிலேயே முழுகிவிடும். ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் 146 அமினோ அமிலங்கள். ஆறாவது இடத்தில் குளூட்டாமிக் அமிலத்துக்குப் பதில் வாலின் வந்தால் அரிவாள் செல் ரத்தசோகை. வாலினுக்குத் தண்ணீர் பிடிக்காது. ஆக்சிஜனை இறக்கிவைத்ததும் ஹீமோகுளோபின்கள் ஒன்றோடொன்று ஒட்டி நீண்ட நார்களாகி, ரத்தச் சிவப்பணுவை அரிவாளாக வளைக்கின்றன. அவை சிறு நாளங்களை அடைக்கும்போது வரும் வலி கொடுமையானது.

இந்தியாவில் இந்த மாற்றம் முதலில் பதிவானது 1952-இல், நம் நீலகிரிப் பழங்குடி மக்களிடம். பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் மலேரியாவிலிருந்து ஓரளவு பாதுகாப்பு உண்டு. இருவரிடமிருந்தும் வந்தால் நோய். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். ஹைட்ராக்சியூரியா மாத்திரை பலருக்கு வலியைக் குறைக்கிறது. மலைக் கிராமங்கள் எல்லாவற்றிலும் அந்தப் பரிசோதனையும் மாத்திரையும் தடையின்றிக் கிடைக்க வேண்டும்.

சர்க்கரை இல்லாத குளிர்பான டப்பாவில் 'ஃபீனைல்கீட்டோனூரியா உள்ளவர்களுக்கு ஏற்றதல்ல' என்று பொடி எழுத்தில் இருக்கிறது. பெயரைப் படித்து முடிப்பதற்குள் பானம் சூடாகிவிட்டது. என்ன அது?
– வாசகி, புதுச்சேரி

அந்த இனிப்பு அஸ்பார்டேம். அஸ்பார்டிக் அமிலம், ஃபீனைல்அலனின் என்ற இரண்டு அமினோ அமிலங்களைச் சேர்த்துச் செய்தது. 1965-இல் குடற்புண் மருந்து தேடிக்கொண்டிருந்த ஜேம்ஸ் ஷ்லாட்டர், காகிதத்தை எடுக்க விரலை நக்கியபோது தித்தித்ததால் கண்டுபிடித்தது.

ஃபீனைல்அலனின் நம் எல்லோருக்கும் வேண்டியதுதான். மிஞ்சுவதைக் கல்லீரலில் உள்ள ஒரு நொதி டைரோசினாக மாற்றிவிடும். சில குழந்தைகள் அந்த நொதி சரியாக இல்லாமல் பிறக்கிறார்கள். அவர்களுக்குத் தாய்ப்பாலில் வரும் ஃபீனைல்அலனின்கூட ரத்தத்தில் தேங்கி மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். பிறந்த சில நாட்களுக்குள் கண்டுபிடித்து, அந்த அமிலத்தைக் கட்டுப்படுத்திய உணவு கொடுத்தால் குழந்தை மற்றக் குழந்தைகளைப் போலவே வளரும். தாமதமானால் பாதிப்பைத் திருப்ப முடியாது. குதிகாலில் குத்தி எடுக்கும் சில சொட்டு ரத்தத்தில் இது தெரிந்துவிடும். உங்கள் வீட்டில் பிரசவம் வரும்போது இந்தப் பரிசோதனை அங்கே உண்டா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.