குழிக்கும் ஒரு தேதி போடுங்கள்

சென்னை மாநகராட்சிக்குத் தேதி போடத் தெரியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சொத்து வரி அறிவிப்பை எடுத்துப் பாருங்கள். அரையாண்டின் முதல் 30 நாளுக்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை. அதுவும் 5,000 ரூபாய்க்கு மேல் ஒரு காசு கிடையாது. தவறினால் மாதம் 1 சதவீதம் தனிவட்டி. என்ன துல்லியம்! கட்டுவதற்கு இணையதளம், செயலி, க்யூஆர் குறியீடு. எதுவும் தெரியாத பாட்டிக்கு வீடு தேடி வரும் வரி வசூலிப்பவர். பெரும் பாக்கிக்காரர்களின் பட்டியலையே இணையத்தில் ஏற்றி மானத்தை வாங்கிய நிர்வாகம் இது.

அதே தெருவில் மழைநீர் வடிகாலுக்கு வெட்டிய பள்ளத்தின் ஓரம் ஒரு தகரம் சாய்ந்து நிற்கும். பணி நடைபெறுகிறதாம், சிரமத்துக்கு வருந்துகிறார்களாம். எப்போது தொடங்கியது, என்றைக்கு முடியும், ஒப்பந்ததாரர் யார், எத்தனை லட்சம், எந்தப் பொறியாளரைக் கேட்பது? மூச். வருத்தம் மட்டும்தான் எழுதியிருக்கும். அதற்கு டெண்டர் விட வேண்டியதில்லை அல்லவா?

பள்ளத்துக்குள் எட்டிப் பார்த்தால் ஒரு அரசியல் சாசனமே தெரியும். மழைநீர் மாநகராட்சியின் சொத்து. கழிவுநீர், 1978ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த குடிநீர் வாரியத்தின் சொத்து. கேபிள் மின்வாரியத்துடையது. டிசம்பர் மழையில் வடிகாலும் சாக்கடையும் ஒன்றாகக் கலந்து உங்கள் அடுப்படிக்குள் ஏறும்போது, அது யாருடைய தண்ணீர் என்பதை மட்டும் எந்தச் சட்டமும் சொல்லவில்லை. அப்போதைக்கு அது உங்களுடையது, வாளியை எடுங்கள்.

சாலை போடும் அழகு தனி. பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிதாகப் போட வேண்டும் என்று உத்தரவு இருக்கிறது. தெருவிலோ பழையதன் மேலேயே புதியது உட்காரும், வீடுகள் ஆண்டுக்கு ஆண்டு பள்ளத்தில் இறங்கும். தார் சூடு ஆறுவதற்குள் அடுத்த துறை ஜேசிபியோடு வந்து நிற்கும். பருவமழை நெருங்கினால் சாலை வெட்டத் தடை என்று ஓர் அறிவிப்பும் வரும். ஏற்கெனவே வெட்டியதை என்ன செய்வது? அதற்குத்தான் மழை இருக்கிறதே, நிரப்பிவிடும்.

1913க்குப் புகார் சொல்லுங்கள், எண் தருவார்கள். சில நாளில் புகார் தீர்க்கப்பட்டதாகக் கைபேசிக்குக் குறுஞ்செய்தி வரும். ஓடிப்போய்ப் பார்த்தால் பள்ளம் வாயைப் பிளந்தபடி கிடக்கும். மூடியது புகாரைத்தான்.

கவுன்சிலரிடம் போகலாமே என்பீர்கள். 1688இல் தொடங்கியது, நாட்டிலேயே பழமையான மாநகராட்சி என்று மார்தட்டுகிறோம். 2016 அக்டோபரில் மாமன்றத்தின் காலம் முடிந்தது. அடுத்து 2022 பிப்ரவரி 19 அன்றுதான் நம்மை ஓட்டுப் போடவிட்டார்கள். இடையில் ஐந்து ஆண்டுக்கும் மேலாக 200 வார்டுக்கும் கவுன்சிலர் கிடையாது. அதற்குள் மாநில ஆட்சி இரு பெரிய கட்சிகளின் கையிலும் இருந்து பார்த்துவிட்டது. ஓட்டு மை அழிந்து ஆறு வாரம் ஆகியிருக்குமா? சொத்து வரியை 150 சதவீதம் வரை ஏற்றி அரசு அறிவித்தது. தேர்தல் நடத்தத்தான் தேதி கிடைக்கவில்லை. வரி ஏற்ற உடனே கிடைத்துவிட்டது. வார்டுக் குழு, பகுதி சபை என்றெல்லாம் விதிகள் அதே ஆண்டில் வந்தன. உங்கள் பகுதி சபை எந்த நாளில், எந்த மண்டபத்தில் கூடுகிறது என்று உங்கள் கதவை யாராவது தட்டிச் சொன்னார்களா? வரிக்குத் தட்டிய கதவுதானே அது?

2022 அக்டோபரில் ஓர் இளம் தொலைக்காட்சிப் பத்திரிகையாளர் மழைநீர் வடிகால் பள்ளத்தில் விழுந்து செத்தார். தடுப்பு வைக்க வேண்டும் என்ற ஞானம் அதற்குப் பிறகுதான் பரபரப்பாக வந்தது. ஒரு தடுப்பின் விலை ஓர் உயிர் என்று எந்த மதிப்பீட்டு அட்டவணையில் போட்டிருக்கிறார்கள்?

ஆகவே மாமன்றத்தின் பார்வைக்கு ஒரு தீர்மானத்தை வைக்கிறேன். வெட்டும் ஒவ்வொரு பள்ளத்துக்கும் முடிவுத் தேதி பலகையில் எழுதப்படட்டும். 30 நாள் முன்னதாக முடித்தால் ஒப்பந்ததாரருக்கு 5 சதவீதம் ஊக்கத்தொகை. 5,000 ரூபாய்க்கு மிகாமல். தாண்டினால் மாதம் 1 சதவீதம் தனிவட்டி, அந்தத் தெருக்காரர்களின் வரியில் கழிக்கப்படட்டும். தாமதக்காரர்களின் பெயர்ப் பட்டியல் இணையத்தில் ஏறட்டும். கையெழுத்துப் போட்ட பொறியாளர் பெயரும் சேர்த்துத்தான். கணக்குப் போடத் தெரியவில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். வருவாய்த் துறை உங்கள் கட்டடத்திலேயேதான் இருக்கிறது.